பிஎம் கிசான் உதவித்தொகை: பணம் சரி, சேவை சுமார்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். விவசாயிகளுக்காக மத்திய அரசு 2019 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம், வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்கில் விழும். நடுவில் யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை, பாதி மார்க் அதற்கே.

ஆனால் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும், இ-கேஒய்சி (ஆதார் மூலம் ஆள் நாம்தான் என்று சரிபார்ப்பது) முடிந்திருக்க வேண்டும், நில விவரமும் ஏறியிருக்க வேண்டும், இதில் ஒன்று இடறினாலும் தவணை நின்றுவிடும், ஏன் நின்றது என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் இணையதளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். அப்புறம் இ-கேஒய்சிக்குக் கைரேகை வைக்க இ-சேவை மையம். மண்ணில் தேய்ந்த விரலுக்குக் கைரேகை எங்கே விழும்? 2023-இல் பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கும் வசதி வந்தது, அது நிஜமாகவே உதவி.

கெடுபிடியே வேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. 2020-இல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கம் விவசாயியே அல்லாதவர்களைச் சேர்த்துப் பணம் எடுத்த கூத்தை எல்லோரும் பார்த்தோமே.

பெரிய குறை வேறு. பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான் பணம். குத்தகைக்கு உழுகிறவருக்கு ஒரு பைசா கிடையாது, சென்னையில் உட்கார்ந்திருக்கும் நிலக்காரருக்கு, வருமான வரி கட்டாதவராக இருந்தால், தவணை தவறாமல் போகும். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். சந்தேகம் கேட்க 155261.