செசரியாவா, அந்தியோகியாவா?

இயேசுவின் நற்செய்தி யூத எல்லையைத் தாண்டி மற்றவர்களை எட்டிய கதையை பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற புத்தகம், செசரியா, அந்தியோகியா என்ற இரண்டு நகரங்களை வைத்து, இரண்டு விதமாகக் காட்டுகிறது.

முதலாவது, 10ஆம் அதிகாரம். யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கியிருந்த, இயேசுவின் அப்போஸ்தலரான பேதுருவுக்குத் தரிசனம் கிடைக்கிறது. செசரியாவில் ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு காத்திருக்கிறார். ஆறு சகோதரர்களோடு பேதுரு போகிறார்; அந்த வீட்டார் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். எருசலேமுக்குத் திரும்பியதும் அங்கிருந்த யூத விசுவாசிகள் “விருத்தசேதனம் இல்லாதவர்களோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, எப்படிச் சாப்பிட்டாய்?” என்று கேட்கிறார்கள். அவர் நடந்ததை வரிசையாக விளக்க, அவர்கள் அமைதியாகிறார்கள். அப்போஸ்தலரே செய்ததால் இதற்கு அதிகாரம் இருந்தது. பிறகு எருசலேமில் கூடிய சங்கத்திலும் பேதுரு இதையே சாட்சியாக வைத்தார்.

அடுத்தது, 11ஆம் அதிகாரம். ஸ்தேவான் என்ற சீஷரின் கொலைக்குப் பின் சிதறி ஓடிய விசுவாசிகளில் பலர் யூதருக்கு மட்டுமே பேசினார்கள். சைப்ரஸ், சிரேனே ஊர்க்காரர் சிலர் அந்தியோகியாவில் கிரேக்கரிடமும் பேசினார்கள். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. தரிசனம் கண்டதாகவோ யாரிடமும் அனுமதி கேட்டதாகவோ குறிப்பில்லை. செய்தி எட்டியதும் எருசலேம் சபை பர்னபாவை அனுப்பியது. அவர் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்புறம் தர்சுவுக்குப் போய்ச் சவுலை (பிற்பாடு பவுல் எனப்பட்டவரை) அழைத்துவந்தார். இருவரும் ஒரு வருடம் அங்கே போதித்தார்கள். சீஷர்களுக்குக் ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பெயர் முதலில் வழங்கியதும் இங்கேதான்.

செசரியாவில் ஒரு வீட்டின் கதவு திறந்தது, அந்தியோகியாவில் ஒரு சபையே உருவானது. பஞ்சகாலத்தில் யூதேயாவுக்கு உதவி அனுப்பியதும், பவுலையும் பர்னபாவையும் பயணம் அனுப்பியதும் அந்தச் சபைதான். செசரியாவின் சாட்சி இல்லாமல் எருசலேமின் தயக்கம் தீர்ந்திருக்காது, சரி. ஆனாலும் என் மனம் அந்தப் பெயரில்லாத அகதிகள் பக்கமே சாய்கிறது.