சொல் அட்டையா, திரும்பப் படிப்பதா, செயலியா?

பிள்ளை ரெண்டாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டித் திணறுகிறதே என்று கவலைப்படும் சென்னைப் பெற்றோர் முன்னால் இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. வேலை முடிந்து வீடு சேர்ந்தபின் மிஞ்சுவது பத்து நிமிடம் என்றால், எதைப் பிடிப்பது?

முதலில் சொல் அட்டை. கடைகளில் கிடைக்கும் ஆங்கில அட்டைகள் பலவும், அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936இல் வெளியிட்ட, அடிக்கடி வரும் 220 சொற்களின் பட்டியலை ஒட்டியவை. ‘செட்’ (said), ‘ஒன்’ (one) போல எழுத்து ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமுமாக நிற்கும் சொற்களுக்கு அட்டை நல்லதுதான். ஆனால் ‘இட்’, ‘கேன்’, ‘ரன்’ எல்லாம் எழுத்துக்கூட்டினாலே வந்துவிடும். அவற்றையும் மனப்பாடம் செய்ய வைப்பது வீண் வேலை.

தமிழுக்கு இந்த முறை சரிப்பட்டு வராது. நம் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து நீண்டுகொண்டே போகும். அட்டையில் ‘மரம்’ பார்த்த பிள்ளை, பாடத்தில் ‘மரத்திலிருந்து’ வந்ததும் நின்றுவிடும். ‘வந்தான்’ என்பதைப் படம்போலப் பதித்துக்கொண்ட பிள்ளை, ‘வந்தாள்’ என்று இருந்தாலும் ‘வந்தான்’ என்றே சொல்லும். கடைசி எழுத்துவரை கண் போவதில்லை. கெ–கே, கொ–கோ குழப்பம் தீர எழுத்து அட்டை வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

என் தேர்வு, ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுப் படிக்க வைப்பது. அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இல் எழுதி வகுப்பறைகளில் பரவிய முறை இது. நாலைந்து வரி, மூன்று நான்கு தடவை, பக்கத்தில் பெரியவர் ஒருவர். முதல் தடவை ‘ம..ர..த்..தி..’ என்று உடையும். அடுத்து ‘மரத்தில்... இருந்து’. அப்புறம் ஒரே மூச்சில் வரும். எழுத்தோடு மல்லுக்கட்டுவது குறைந்ததும் மனம் கதைக்குள் போகிறது. ‘ஏன் அந்த அணில் இறங்கவே இல்லை?’ என்று கேள்வி வரும். பார்க்காமல் ஒப்பிக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் நடுவரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

ஸ்டாப்வாட்ச் மட்டும் வேண்டாம். 2021இல் வந்த, பிள்ளைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கான மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொல் என்று இலக்கு வைத்தாலும், பொருள் புரிந்து படிப்பதைத்தான் கேட்கிறது.

செயலி? 2019இல் ‘போலோ’ என வந்து ‘ரீட் அலாங்’ ஆன கூகுள் செயலியில் தமிழும் உண்டு. பிள்ளை படிப்பதைக் கேட்டுத் திருத்தும். தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோர் உள்ள வீட்டில் அது பெரிய துணை. ஆனால் எங்கே நிறுத்துவது, எங்கே குரலை ஏற்றுவது என்பதை, கூட உட்கார்ந்து படித்துக்காட்டுபவர்தான் கற்றுத்தர முடியும்.

பத்திக்கு அலைய வேண்டியதில்லை. ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு தனியாக இருக்கிறது. கதையைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.