ஒன்றரை வருஷ ஹைட்ரோபோனிக்ஸ்: கீரை அருமை, போர் தண்ணீர்தான் எமன்

மண்ணில்லாமல் உரம் கரைத்த தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் செட்டில், தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் இரண்டாவது தடவையாக மாற்றியாயிற்று. "இந்த செட்டை வாங்கலாமா?" என்று கேட்ட காட்பாடி நண்பருக்கும் சேர்த்து இந்தப் பதில். மூன்று அங்குல பிவிசி குழாயில் 36 குழி, 40 லிட்டர் தொட்டி, மேலே எல்இடி. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு அறைக்குள் ஓடுகிறது.

டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுவது) 900 காட்டும் போர் தண்ணீருக்கு உரம் போடும் முன்பே ஈசி, அதாவது கரைந்த உப்பால் தண்ணீர் மின்சாரம் கடத்தும் அளவு, ஏறக்குறைய 1.8. சாலட் இலையான லெட்டூஸ் தாங்கும் மொத்த அளவே 1.2 முதல் 1.8 வரைதான். மீட்டரைப் பார்த்து உரத்தைக் குறைத்தால் செடி பட்டினி கிடக்கும்; அது காட்டுவது பெரும்பாலும் சுண்ணாம்பும் உப்பும். உரத்தைக் கூட்டினால் இலை நுனி கருகும்.

அதைவிட எரிச்சல் பிஎச், அதாவது தண்ணீரின் அமில, கார அளவு. பாஸ்பாரிக் அமிலம் விட்டு ராத்திரி 6க்கு இறக்கினால் காலையில் 7ஐத் தாண்டி நிற்கிறது. போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அமிலத்தை விழுங்கிவிடும். அதில் உண்டாகும் கரியமில வாயு வெளியேற வெளியேற பிஎச் திரும்ப ஏறும். ஏறியதும் இரும்புச்சத்து கிடைக்காமல் குருத்திலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். இரும்பு உரத்தில் ஈடிடிஏ வகை பிஎச் 6.5க்கு மேல் சரிவராது; டிடிபிஏ வகை வாங்குங்கள்.

மூன்று பங்கு ஆர்ஓ, ஒரு பங்கு போர் கலந்தால் ஈசி 0.5 பக்கம் நிற்கும். அதன்மேல் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும் உரக் கரைசல்களை ஈசி 1.6 வரும் வரை விடலாம். இரண்டையும் தொட்டித் தண்ணீரில் தனித்தனியாகத்தான் விட வேண்டும். தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஒன்றோடொன்று கலந்தால் உரத்திலுள்ள கால்சியம், கால்சியம் சல்பேட்டாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். மோட்டாரில் படியும் வெள்ளைக் காரைக்கு, லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஊறவையுங்கள். விற்றவர்கள் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. வேலூரில் விற்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியதே தண்ணீரைப் பற்றித்தானே!

கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். ஆக்சிஜன் குறைந்து வேர் பழுப்பாகி வழவழக்கும், நாறும். ஐஸ் பாட்டில் போட்டால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். லெட்டூஸும் கசந்துவிடும். அந்த மாதங்களில் பசலை, தண்டுக்கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம்ம ஊர் இலவம்பாடி முள்ளுக்கத்தரியை எல்இடியில் வளர்க்க ஆசைப்படாதீர்கள், அதற்கு வெயில் வேண்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும்: குளிர்மாதத்தில் பாலக் ஆறாவது வாரமே அறுப்புக்கு வந்துவிடும். அலச மண் இல்லை, இலை அவ்வளவு மென்மை. சந்தையில் அப்படிக் கிடைக்காது.

இருந்தும் காட்பாடிக்காரருக்கு என் பதில், வேண்டாம். மாடியில் வெயில் இருந்தால் மண்தொட்டியே போதும். அறைக்குள்தான் வேண்டுமென்றால் முதலில் ஒரு டம்ளர் போர் தண்ணீரை மீட்டரில் பாருங்கள். 500க்கு மேல் காட்டினால் ஆர்ஓ செலவையும் விலையில் கூட்டிக்கொள்ளுங்கள்.