பழைய ஓட்டோ கியர் கார் வைத்திருப்பவர்களே, கியர் ஒயில் கானை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய ஓட்டோ கியர் கார் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது.

என்னுடையது 1988ஆம் ஆண்டு பென்ஸ் 300 ஈ, 124 பொடி, 3 லீற்றர், 6 சிலிண்டர். அப்பாவின் கார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எத்தனையோ பேர் வீடு தேடி வந்து விலை கேட்டும் கொடுக்கவில்லை. நாலு கியர் ஓட்டோ பொக்ஸ்தான், ஆனாலும் ஆனையிறவு நேர்ரோட்டில் மிதித்தால் அந்த இழுவையே தனி. ஒயில் மாற்றிக் கனகாலம் என்று மாசி மாதம் நகரத்துக்குள் பெயர்போன ஒரு கராஜில் விட்டேன்.

"பென்ஸுக்கென்றே வாற ஒறிஜினல் ஒயில் அண்ணை, 8 லீற்றர் போகும், பில்ரரும் மாத்திறம்" என்றார் முதலாளி. பின்னேரம் 68,000 ரூபாய் கட்டினேன். பில்லில் "கியர் ஒயில் 8 லீற்றர், பில்ரர், கஸ்கற், கூலி" என்று மட்டும் இருந்தது. என்ன ஒயில் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை ஒன்றும் தெரியவில்லை. பங்குனி வெயிலில் பருத்தித்துறைக்குப் போய், ஏசியைப் போட்டபடி திரும்பி வரும்போது நெல்லியடி தாண்டி 2இலிருந்து 3க்கு மாறுகிற இடத்தில் என்ஜின் மட்டும் உறுமுகிறது, கார் இழுக்கவில்லை, பிறகு டக்கென்று விழுகிறது. அடுத்தடுத்த நாட்களில் ரிவர்ஸ் போட்டால் பிடிக்க நேரம் எடுத்தது, முற்றத்தில் சிவப்புச் சொட்டு. திரும்பப் போனேன். "பழைய பொக்ஸ் அண்ணை, இனிப் பிரிச்சுத்தான் செய்யவேணும், 3 லட்சம் வரும்." சரி, என்ன ஒயில் விட்டீர்கள் என்று கேட்க, அங்கே நின்ற பொடியன் மூலையில் அடுக்கியிருந்த கான்களைக் காட்டினான். டொயோட்டா டபிள்யூ எஸ். "எல்லாக் காருக்கும் இதுதான் விடுறம், புது ஒயில்" என்றான்.

அந்த ஒயிலில் குறையில்லை. இன்றைக்கு ஊர் முழுக்க ஓடுகிற அக்குவா, பிரியஸ் போன்றவற்றுக்கு அதுதான் சரி. ஆனால் அது மெல்லிய ஒயில். 100 பாகை சூட்டில் அதன் தடிப்பு 6 சென்ரிஸ்ரோக்குக்குக் (ஒயிலின் தடிப்பை அளக்கும் அலகு) கீழே, என் காருக்குரிய டெக்ஸ்ரோன் 3 வகை ஒயில் 7க்கு மேலே நிற்கும். தேய்ந்த சீல்களுள்ள பழைய பொக்ஸில் மெல்லியது ஓடினால் சூடேறும்போது அமுக்கம் விழும், கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்க வழுக்க எரியும். டொயோட்டாவின் பழைய பொக்ஸ்களுக்கே, அவர்களின் முந்தைய ஒயிலான டி 4 இருந்த இடத்தில் இதை விடக்கூடாது என்று டொயோட்டாவே சொல்கிறது. நிறத்தைப் பார்த்து நம்பாதீர்கள், அநேகமாக எல்லாம் சிவப்புத்தான். பழைய ஃபோர்ட் பொக்ஸ்கள் கேட்கிற டைப் எஃப் ஒயிலும் சிவப்பு, அதன் உராய்வுக் குணமோ நேரெதிர்.

சுன்னாகத்தில் ஒரு வயதான மெக்கானிக் ஐயாவிடம் கொண்டுபோனேன். மண்ணெண்ணெயில் கேம்பிரிட்ஜ் கார் ஓட்டிக் காட்டிய தலைமுறை, பழைய பென்ஸ் பொக்ஸும் தெரிந்தவர். பொக்ஸின் அடியிலுள்ள ஒயில் தட்டை, அதாவது பானை, கழற்றினார். உள்ளே அதே பழைய பில்ரர், கறுத்துப்போய். பிறகு என்ஜினின் கிராங் புல்லியைத் திருப்பி, என்ஜினுக்கும் பொக்ஸுக்கும் நடுவிலுள்ள கன்வேர்ட்டரில் ஒயில் இறக்கும் பூட்டைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து, "தம்பி, இதைப் பாரும், ஒருத்தரும் தொடேல்லை" என்றார். மண் ஒட்டிப்போய் இருந்தது. பானில் உள்ளதை மட்டும் இறக்கினால் சுமார் 4 லீற்றர்தான் வரும். கன்வேர்ட்டரில் உள்ளதையும் சேர்த்து இறக்கினால்கூட 6 லீற்றருக்குச் சற்று மேல்தான் போகும். அப்படியானால் அந்த 8 லீற்றர் எங்கே போனது? மாற்றாத பில்ரருக்கும் காசு, விடாத ஒயிலுக்கும் காசு. இதற்குப் பெயர் களவு.

இப்போது கானில் "டெக்ஸ்ரோன் 3" என்று எழுதியிருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பெயருக்கு அனுமதி கொடுப்பதை 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. அதனால் நான் கானில் உள்ள பென்ஸின் சொந்தத் தர இலக்கத்தையும் பார்த்தே கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தேன். நாலு கியர் பொக்ஸுக்கு எம்பி 236.6, 236.7 போன்றவை. 236.14 என்று போட்டிருந்தால் அது 5, 7 கியர் பொக்ஸ்களுக்கு உரியது, பென்ஸ் என்று எழுதியிருந்தாலும் எடுக்காதீர்கள். கானை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள், உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், கழற்றிய பில்ரரைக் கையில் வாங்குங்கள், பில்லில் ஒயிலின் பெயரையும் தர இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். அளவு பார்ப்பது என்ஜின் ஓட, கியரை P (பார்க்) இல் வைத்து, ஒயில் 80 பாகைக்குச் சூடேறிய பிறகு. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே 0.3 லீற்றர்தான் வித்தியாசம், ஆகவே கண் அளவில் ஊற்றுகிறவரை நிறுத்துங்கள்.

பாவனையாளர் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட்டுவிட்டேன். 1977க்கு அழைத்தும் கேட்கலாம், வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். பழைய பில்ரரையும் பில்லையும் வைத்திருக்கிறேன்.

சரியான ஒயில் விட்டு 900 கிலோமீற்றர் ஓடிவிட்டேன். சொட்டு நின்றுவிட்டது, ரிவர்ஸ் உடனே பிடிக்கிறது. நல்ல சூட்டில் 2இலிருந்து 3க்கு மாறும்போது மட்டும் இன்னும் இலேசாக வழுக்குகிறது. மாசிக்கு முன்பு அது இருக்கவில்லை.