சிப்போர்டா, எம்.டி.எஃப்-ஆ: டெல்டா ஈரத்தைத் தாங்கும் ஸ்க்ராப்புக் அட்டை எது?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்பவர்களுக்குப் பரிசாக ஸ்க்ராப்புக் ஆல்பம் கேட்பவர்களுடைய தேவை பெரும்பாலும் ஒன்றுதான். கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தில் தொடங்கிப் பேரப்பிள்ளைகள் படத்தில் முடிய வேண்டும். அட்டையும் அதற்கேற்ற மாதிரி தேய்ந்து பழசாகத் தெரிய வேண்டும். இந்த டிஸ்ட்ரெஸ்ஸிங் வேலைக்கு அடியில் எதைப் போடுவது என்பதில்தான் இரண்டு கட்சி. ஒன்று சிப்போர்டு, அதாவது பைண்டிங் கடையில் கிரே போர்டு என்று கேட்டால் எடுத்துத் தரும் சாம்பல் நிற அட்டை. மற்றது லேசரில் வெட்டி வரும் எம்.டி.எஃப், அதாவது மரநாரைப் பிசின் கலந்து அழுத்திச் செய்யும் பலகை. நான் சிப்போர்டு கட்சி. அதற்கு முக்கியக் காரணம் ஐப்பசி, கார்த்திகை மழை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சுலபமானவற்றை முதலில் முடித்துவிடலாம். சிப்போர்டு தஞ்சாவூர், கும்பகோணம் பைண்டிங் கடைகளில் முழுத் தாளாகவே கிடைக்கும். வீட்டிலேயே கட்டரால் வெட்டலாம். எம்.டி.எஃப்-ஐப் பெரும்பாலும் வெட்டியே வாங்க வேண்டும். 8 அங்குலச் சதுர அட்டை 2 மி.மீ. சிப்போர்டில் ஏறக்குறைய 50 கிராம், 3 மி.மீ. எம்.டி.எஃப்-இல் அதைப்போல் இரண்டு பங்கு. உள்பக்கங்களுக்கும் எம்.டி.எஃப் போட்டால் ஆல்பம் மடியில் வைத்துப் புரட்ட முடியாத கனமாகிவிடும். வெட்டுவதில் ஒரே எச்சரிக்கை: 2 மி.மீ. அட்டையை ஒரே அழுத்தில் வெட்டாதீர்கள். ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஐந்தாறு முறை லேசாக இழுங்கள். அழுத்தி இழுத்தால் அட்டையின் அடுக்குகள் நசுங்கி விளிம்பு பிதுங்கும். அந்த விளிம்பைப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் சீராகாது.

பழசாக்கும் வேலையில் சிப்போர்டுக்குப் பக்கத்தில் எம்.டி.எஃப் நிற்காது. சிப்போர்டு அடுக்கடுக்கானது. ஓரத்தில் நகத்தை விட்டு உரித்தால் ஒரு படலம் வரும், அதன் கீழே சொரசொரப்பான இன்னொரு படலம். உண்மையில் பழசான அட்டை தேய்வதும் இப்படித்தான். எம்.டி.எஃப்-இன் மேல்தோல் மட்டும் கெட்டி. அதைத் தாண்டித் தேய்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி மசமசவென்று ஒரே பழுப்பு. அடுக்கும் இல்லை, ஆழமும் இல்லை. லேசர் கருக்கிய விளிம்பை ஜெஸ்ஸோ (பெயின்டுக்கு அடியில் போடும் வெள்ளைப் பூச்சு) போட்டு அடைக்காவிட்டால் வெளிர் பெயின்ட் வழியாகக் கறை மேலே வரும். அதன் தூளில் ஃபார்மால்டிஹைடு பிசின் கலந்திருப்பதால் முகக்கவசம் போட்டு, திண்ணையிலோ மாடியிலோ வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

சிப்போர்டில் நம்பிச் செய்யக்கூடிய முறை இது. முதலில் ஜெஸ்ஸோவை மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் அடர் பழுப்பு அக்ரிலிக் ஒரு பூச்சு. அதுவும் நன்றாகக் காய்ந்தபின், கை அதிகம் படும் இடங்களில் மட்டும், அதாவது நான்கு மூலை, திறக்கும் ஓரம், முதுகின் இரு முனைகளில், வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். அதன்மேல் சந்தன நிறமோ தந்த நிறமோ ஒரு பூச்சு. காய்ந்தபின் 150-ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 220. மெழுகு பட்ட இடத்தில் மேல்பூச்சு ஒட்டாமல் உதிரும், பழுப்பு எட்டிப்பார்க்கும். 80-ஆம் நம்பரில் ஆரம்பிக்கக் கூடாது. அது பெயின்டை விட்டுவிட்டு அட்டையின் நாரைப் பிடித்து இழுத்துவிடும். எல்லா ஓரத்தையும் ஒரே அளவில் தேய்த்தாலும் செயற்கையாகத் தெரியும். திறக்கும் ஓரம் அதிகமாகவும் முதுகுப் பக்கம் குறைவாகவும் தேய்ந்திருந்தால்தான் கண் நம்பும்.

இதில் தண்ணீர் தெளிக்கும் வேலையே இல்லை. தண்ணீர் தெளிக்கும் முறைகள், அதாவது டிஸ்ட்ரெஸ் மை (தண்ணீரில் கரைந்து பரவும் மை) தடவி ஸ்ப்ரே அடிப்பது, காபி டிகாக்‌ஷனில் நனைப்பது, பசைப் பூச்சின்மேல் பெயின்ட் அடித்து வெடிப்பு விழ வைப்பது, படம் எடுத்துப் போட அழகானவை. டெல்டாவில் எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு. டிஸ்ட்ரெஸ் மை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். வியர்த்த கையோடு புரட்டினால் பழுப்பு விரலுக்கு வந்துவிடும். டிகாக்‌ஷன் கறையில் மிஞ்சும் சத்து பூஞ்சைக்குத் தீனி. அந்த நிறம்தான் வேண்டுமென்றால் பழுப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துத் துணியால் ஒற்றலாம். பசை வெடிப்பு வர, பசை பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல்பூச்சு சீக்கிரம் காய வேண்டும். மழை நாளில் அது காயாது; வெடிப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும், அல்லது விழவே விழாது.

இனி முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்: ஈரம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் டெல்டா வீடுகளில் சுவரே வியர்க்கும். நாகப்பட்டினம் பக்கம் போனால் உப்புக்காற்று வேறு. அட்டை எதுவானாலும் ஈரத்தைக் குடிக்கும். குடித்தபின் என்ன ஆகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. சிப்போர்டு வளையும். எம்.டி.எஃப் சுலபத்தில் வளையாது, ஆனால் ஓரம் ஊதும். ஊதிய எம்.டி.எஃப் காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அந்த இடத்தில் பெயின்ட் வெடித்து உதிரும். வளைந்த சிப்போர்டை நிமிர்த்த முடியும். மேலே எதுவும் பூசாத அட்டையானால் உட்குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் லேசாக ஒற்றி, பட்டர் பேப்பர் வைத்து, சமதளத்தில் கனம் ஏற்றி இரண்டு நாள் விட்டால் போதும். பூசி முடித்த ஆல்பத்துக்கு ஈரம் வேண்டாம். மழை விட்ட வாரத்தில் கனம் மட்டும் ஏற்றினாலே பெரும்பாலும் படியும். திருத்தக்கூடிய கோளாறு, திருத்த முடியாத கோளாறு என்ற இந்த ஒரு வித்தியாசம்தான் என் கணக்கில் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது.

அதோடு, சிப்போர்டு வளைவதில் பெரும்பகுதி செய்யும்போதே விதைத்தது. முதலில் நார் ஓட்டம். அட்டையை இரண்டு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் சுலபமாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோடு ஓடும் திசைதான் நார். அது ஆல்பத்தின் முதுகுக்கு இணையாக வர வேண்டும். நார் ஈரத்தில் நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்கே விரியும். குறுக்காக வைத்து வெட்டினால் அட்டை மேலும் கீழுமாக வளைந்து முதுகோடு மல்லுக்கு நிற்கும்.

அடுத்தது பசை. ஈரப்பசை தடவிய தாள் விரிந்து, காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் முன்பக்கம் தாளோ காலிகோ என்ற பைண்டிங் துணியோ ஒட்டினால் அன்றைக்கே உள்பக்கமும் அதே நார் ஓட்டத்தில் ஒரு தாள் ஒட்டிச் சமன் செய்ய வேண்டும். ஃபெவிகாலைத் தண்ணீர் அதிகம் விடாமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிசாக இழுத்து, இரவு முழுக்கக் கனத்தின் கீழ் விடுங்கள். பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்காகத்தான். கணக்கு நோட்டுக்கு அது சரி, புகைப்படத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். துத்தம் இல்லாத மைதாப் பசையோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து.

மூன்றாவது, இரண்டு முகத்தையும் நான்கு விளிம்பையும் அடைப்பது. முன்பக்கம் மட்டும் வார்னிஷ் போட்டால், திறந்த பின்பக்கம் ஈரம் குடித்து விரிந்து அட்டையை முன்பக்கமாக வளைக்கும். டிஸ்ட்ரெஸ் செய்த இடம் வெற்று நார் என்பதால் ஈரம் முதலில் நுழைவதும் அங்கேதான். தேய்த்து முடித்தபின் அந்த இடங்களுக்கு மேட் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு கட்டாயம். செலவைக் குறைக்க ஃபெவிகாலைக் கரைத்து மேல்பூச்சாகப் போடுவார்கள். புழுக்கத்தில் அது மறுபடி பிசுபிசுத்து எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரண்டு பக்கமும் போகும்.

எம்.டி.எஃப்-க்கும் இதே மாதிரி நாலாபுறமும் வார்னிஷ் போட்டால் அது நன்றாகவே நிற்கும், மறுக்கவில்லை. பல மழைக்காலம் தாண்டிய எம்.டி.எஃப் ஆல்பங்களில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் விஷயத்தில் தயக்கமில்லை. எம்.டி.எஃப் பிசினிலிருந்து மெல்ல வெளியேறும் ஆவி, மூடிய ஆல்பத்துக்குள் அந்தப் படங்களில் உருவமாகப் படிந்திருக்கும் வெள்ளிக்குக் கெடுதல். சிப்போர்டும் புனிதமில்லை, பழைய காகிதக் கூழில் செய்வதால் அமிலம் இருக்கும், படத்தை மஞ்சளாக்கும். அதற்கு அமிலமற்ற தாளை இடையில் கொடுத்து, படத்தை ஒட்டாமல் மூலைப்பிடியில் செருகினால் போதும். மூலப்படத்தை ஆல்பத்தில் வைக்காமல் பிரதி எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

வைக்கும் இடம்: ஆல்பத்தைச் சாய்த்து நிறுத்தாமல் படுக்க வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணி போதும். துணியில் முடிந்த வசம்புத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம், தாளில் படாமல். தை பிறந்ததும் ஒருமுறை எடுத்து நிழலில் பக்கம் பக்கமாக விரித்து வையுங்கள். வெயில் கூடாது, மை வெளுக்கும்.

எம்.டி.எஃப் எங்கே வேண்டும் என்றால், கீல் வைத்த மூடியுள்ள பெட்டி, மேசைமேல் நிற்கும் ஸ்டாண்டு, ஆணி தாங்க வேண்டிய சட்டம் ஆகிய வேலைகளில். ரிங் போட்ட ஆல்பத்துக்கும் பலர் எம்.டி.எஃப்-ஐத்தான் சொல்வார்கள், சிப்போர்டில் துளை கிழியும் என்று. துளையை விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி, சுற்றிலும் ஒரு சொட்டு வார்னிஷை ஊற விட்டு, காய்ந்தபின் ஐலெட் என்ற சிறு உலோக வளையத்தை அடித்தால் சிப்போர்டும் தாங்கும்.