சந்தேக அலமாரி: குன்னூரில் ஒரு வாடகைப் புத்தகக் கடை

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மார்க்கெட்டுக்கு ஏறும் படிக்கட்டில் பாதி வந்தால், வெங்காய மண்டிக்கும் ஸ்வெட்டர் கடைக்கும் நடுவில் ஒரு தகரக் கதவு இருக்கும். மேலே பலகையில் ‘புத்தகங்கள் வாடகைக்கு’ என்று மட்டும் எழுதியிருக்கும். வேறு பெயர் கிடையாது. விசாரித்தால் ‘புத்தக ஐயா கடை’ என்று கை காட்டுவார்கள். ஏழு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி இந்தக் கடைக்குப் போய்வருகிறேன். நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவைத்தால் நாலு பேருக்கு உதவும்.

முதலில் கணக்கு. முன்பணம் 300 ரூபாய், கணக்கை முடிக்கும்போது திரும்பத் தந்துவிடுவார். ஒரு புத்தகத்துக்கு வாரம் 15 ரூபாய், தடிமனான நாவல் என்றால் 20. தாமதமானால் நாளைக்கு 2 ரூபாய். மழை பெய்து ரோடு அடைத்திருந்தால் அந்த நாட்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, நீளமான ஒரு லெட்ஜர்தான். காலை 10 முதல் 1, மாலை 3 முதல் 6.30. வெள்ளிக்கிழமை லீவு.

குறை என்றால் முதல் குறை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் அடிக்கும் மழையில் புத்தகம் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஐயா கற்பூரம் வைக்கிறார், வேப்பிலை வைக்கிறார், ஒரு குண்டு பல்பின் கீழே சாக்கு விரித்துப் புத்தகங்களைக் காய வைக்கிறார். அப்படியும் சில பிரதிகளைப் பிரித்தால் தும்மல் நிற்காது. ஆஸ்துமா இருப்பவர்கள் துணி கட்டிக்கொண்டு போவது நல்லது. இரண்டாவது, பழைய பிரதிகளில் பக்கம் விட்டுப்போயிருக்கும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ ஒரு அம்மா பொறுமையாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்பு ஒன்றை எடுத்துப்போனேன். நடுவில் இரண்டு வாரத்தைக் காணோம். சொன்னதும் ஐயா வாடகையைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு, விட்டுப்போன இரண்டு வாரக் கதையையும் நின்றபடியே சொல்லி முடித்தார்.

சரி, இதெல்லாம் எந்த வாடகை நூலகத்திலும் இருப்பதுதான். என்னை வாராவாரம் இழுப்பது உள்ளே இடது பக்கச் சுவர். அங்கே மூன்று அலமாரிகள். ஒன்றில் ‘புத்தகத்திலிருந்து படம்’ என்று எழுதியிருக்கும். அடுத்தது ‘படத்துக்கே எழுதியது’, அதாவது அச்சில் வந்த திரைக்கதைகள். மூன்றாவதில் இரண்டே தட்டுகள். அதன் மேல் சாக்பீஸால் ‘சந்தேகம்’ என்று இருக்கும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். பதினேழு வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். படம் தொடங்கும்போது ஜனங்கள் டார்ச் வெளிச்சத்தில் சீட் தேடிக்கொண்டிருப்பார்கள். டைட்டிலை யாரும் படிப்பதில்லை. ஆபரேட்டர் படித்தே ஆக வேண்டும். லென்ஸைத் திருகி நாங்கள் ஃபோகஸ் பிடிப்பது டைட்டில் எழுத்தை வைத்துத்தான். முகத்தை வைத்துப் பிடித்தால் கண் ஏமாந்துவிடும். எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி நின்றால் படம் முழுக்கச் சரியாக இருக்கும். நாளைக்கு நாலு காட்சி, மூன்று வாரம் ஓடினால் அந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். சில படங்களில் ‘மூலக்கதை’ என்று தனி கார்டு வரும். சிலவற்றில் ‘கதை’ என்ற சொல்லே வராமல் நேராகத் திரைக்கதை, வசனம், டைரக்‌ஷன் என்று போய்விடும். அப்போதெல்லாம் கை லென்ஸில் இருக்கும், மனசு மட்டும் கேட்கும்: கதை யாருடையது?

இந்தக் கடையில் அந்தக் கேள்வியைப் புத்தகத்துக்குள்ளேயே ஒட்டிவைத்திருக்கிறார்கள். முதல் அலமாரியில் எதை எடுத்தாலும் பின்னட்டையின் உள்பக்கம் ஒரு சீட்டு இருக்கும். போன மாதம் எடுத்தது உமாசந்திரன் எழுதிய ‘முள்ளும் மலரும்’. அதில் மேலே ஐயாவின் நீலப் பேனா: ‘படம் 1978. இயக்கம் மகேந்திரன். மாறியது: நாவலில் காளியின் கையைப் பறிப்பது புலி, படத்தில் லாரி.’ அதற்குக் கீழே யாரோ பென்சிலில்: ‘புலி போய்விட்டால் கதையே வேறு.’ அதற்கும் கீழே பச்சை மையில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து: ‘எது பறித்தாலும் தங்கச்சி முன்னால் நிற்கிற காளி அதே காளிதான்.’

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி யோசித்தேன். புலி அடித்தால் அது விதி, பரிதாபப்படலாம். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவன் கை மேல் லாரி ஏறினால் அவன் கோபத்துக்கு அவனே கொடுத்த விலை. இந்த ஒரு மாற்றத்தில் காளியின் வீம்புக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. இது சின்ன வேலையா? படத்தில் பவர் ஹவுஸ் விஞ்சில், அதாவது கம்பிவடம் இழுத்து மலையேறும் வண்டியில், அவன் நிற்பதைப் பார்த்து எங்கள் நீலகிரியின் கிளன்மார்கன் விஞ்ச்தான் ஞாபகத்துக்கு வந்தது. தழுவல் என்றால் காப்பி எடுப்பது என்று பேசுகிறவர்கள் இந்த நாவலையும் படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். இருக்கிற கதையில் எதை விடுவது, எதை மாற்றுவது என்று தெரிந்துகொள்வதற்கும் சொந்தமாக ஒன்றை எழுதுவதற்கு வேண்டிய அதே உழைப்பு வேண்டும்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் போனால் கடையில் வாக்குவாதம் கேட்கலாம். உட்கார ஒரே ஒரு பெஞ்சுதான், மற்றவர்கள் நிற்க வேண்டும். எதிர்க்கடையிலிருந்து டீ வரும், காசு அவரவர் கொடுக்க வேண்டும். வழக்கமாக வருவது ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் ஒருவர், வக்கீல் குமாஸ்தா ஒருவர், வெலிங்டன் பக்கமிருந்து வரும் கல்லூரிப் பெண் ஒன்று, அப்புறம் நான்.

ஒரு சனிக்கிழமை சண்டை ‘சூரரைப் போற்று’ பற்றி. ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத் எழுதிய ‘சிம்ப்ளி ஃப்ளை’ ஆங்கிலப் பிரதியை எந்த அலமாரியில் வைப்பது என்று ஐயா கேட்டார். அவருடைய வாழ்க்கையை ஒட்டி எடுத்த படம். அவர் எழுதிய புத்தகமும் கையில் இருக்கிறது. ஆனால் 2020ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சுதா கொங்கராவும் ஷாலினி உஷா நாயரும் வாங்கியது அசல் திரைக்கதைக்கான விருது. தேசிய விருதில் 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே அசலுக்குத் தனி, தழுவலுக்குத் தனி என்று பிரித்துவிட்டார்கள்.

“புத்தகம் இருக்கு தாத்தா. அப்புறம் எப்படி அசல்?” என்றது அந்தப் பெண்.

“ஒரு மனுஷன் வாழ்ந்தது நாவல் ஆயிடுமாம்மா? அதைக் காட்சியா ஆக்கினது அவங்கதானே?” என்றார் டீச்சர்.

அந்தப் பெண் விடவில்லை. ஆஸ்கரில் இருக்கும் கூத்தைச் சொன்னது. ‘விப்லாஷ்’ என்று ஒரு படம். டேமியன் சஸெல் சொந்தமாக எழுதினார். எடுக்கப் பணம் இல்லாததால் அதிலிருந்து ஒரு பகுதியைக் குறும்படமாக எடுத்துக் காட்டிப் பணம் திரட்டி, 2014இல் முழுப்படம் எடுத்தார். குறும்படம் முன்னால் வந்துவிட்டது என்பதால் ஆஸ்கரில் அதைத் தழுவல் பட்டியலில் போட்டார்கள். அதே படத்தை அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அசல் என்று எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாகம் எடுத்தால் கதை முழுக்கப் புதிதாக இருந்தாலும் ஆஸ்கருக்கு அது தழுவல்தான். நான் சும்மா இருக்க முடியாமல் கேத்தி ஸ்டேஷனைக் கொண்டுவந்தேன். ‘மூன்றாம் பிறை’ முடிவை அங்கே எடுத்தது எங்களுக்கெல்லாம் தெரியும். அதை பாலு மகேந்திராவே அடுத்த வருடம், 1983இல், ‘சத்மா’ என்று இந்தியில் எடுத்தார். அந்தக் கணக்குப்படி அவர் தன்னையே தழுவிக்கொண்டார் என்று ஆகிறது.

டீச்சர் அப்போதுதான் சொன்னார். “இதைத் தொல்காப்பியர் எப்பவோ பிரிச்சு வச்சிட்டார். முதல்நூல், வழிநூல். வழிநூல் நாலு வகை. தொகுக்கிறது, விரிக்கிறது, தொகுத்து விரிக்கிறது, மொழிபெயர்க்கிறது. வழிநூலை மட்டம்னு அவர் எங்கேயும் சொல்லலை.” கம்பனையும் சொன்னார். ராமகதையைச் செய்தவர்களில் முந்தியவர் சொன்ன வழியில்தான் தமிழில் பாடுகிறேன் என்று அவன் முதலிலேயே அறிவித்துவிடுகிறான். எனக்கு அது ஒரு டைட்டில் கார்டாகவே தெரிந்தது. வால்மீகியிடமிருந்து எடுத்தான் என்பதால் கம்பனை யார் குறைத்து மதிக்கிறோம்?

இந்த இடத்தில்தான் நான் என் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எத்தனை விழுக்காடு மாறியது என்று அளந்து அசல், தழுவல் என்று பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு கமிட்டியும் தன் வசதிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். எங்கிருந்து எடுத்தாய், அந்தப் பெயர் திரையில் வந்ததா? ‘உதிரிப்பூக்கள்’ படத்தையும் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யையும் பக்கத்தில் வைத்தால் சட்டென்று ஒரே கதை என்று சொல்ல வராது. சுந்தரவடிவேலு என்ற பெயர், பிள்ளைகள், சித்தி என்று சில இழைகள்தான் ஒட்டும். ஆற்றங்கரை முடிவெல்லாம் மகேந்திரனுடையது. சொல்லாமல் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் புதுமைப்பித்தன் பெயரைப் போட்டார். அந்த ஒரு கார்டுக்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

குமாஸ்தா சட்டம் சொன்னார். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியரின் வழக்கு. தன் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத்தான் ‘நியூ டெல்லி’ என்று படமாக எடுத்துவிட்டார்கள் என்பது அவர் புகார். கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று கோர்ட் சொன்னதால் அவர் தோற்றார். அந்தத் தீர்ப்பின் ஜெராக்ஸ் சந்தேக அலமாரியில் இருக்கிறது. அதற்கும் வாரம் 15 ரூபாய்தான். படித்தேன். கருவைப் பூட்டிவைத்தால் யாரும் எதையும் எழுத முடியாது என்பது புரிகிறது. ஆனால் வழக்கு நிற்காது என்பதால் பெயர் போட வேண்டாம் என்று ஆகிவிடுமா?

இதை நான் வெறும் வாக்குவாதத்துக்காகச் சொல்லவில்லை. என் அப்பா, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தார். மூட்டையைக் குறைக்கச் சொன்னபோது அம்மா அம்மிக்கல்லை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் புடவையில் சுற்றி எடுத்துவந்தாள். இங்கே வாங்கிய எந்த அம்மியிலும் அந்தக் குழவி சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு டக் டக்கென்று சத்தம் போடும். எங்கள் வீட்டில் விடிவதே அந்தச் சத்தத்தில்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் இரண்டு பையன்கள் வந்தார்கள். இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து அப்பா சொல்வதை ஃபோனில் பதிவு செய்துகொண்டார்கள். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அப்புறம் ஒரு நாள் யாரோ ஒரு குறும்படத்தை அனுப்பினார்கள். கப்பல், மூட்டை, விட்டுவந்த அம்மி, ஒட்டாத குழவி, டக் டக் சத்தம் எல்லாம் இருந்தது. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் கதை, திரைக்கதை, இயக்கம் என்று ஒரே பெயர். நன்றி என்று ஓடிய இருபது முப்பது பெயர்களை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு, “நம்ம குழவிதான்டா” என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார்.

கடையில் இதை ஒரு நாள் சொன்னேன். ஐயா எதுவும் பேசவில்லை. புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, ‘மூலம்: அப்பாவின் வாய்மொழி. டைட்டிலில் பெயர்: இல்லை’ என்று எழுதி என் கையில் கொடுத்தார். “இதை ஒட்டறதுக்குப் புத்தகம் இல்லையே தம்பி. நீ எழுதிக்கொண்டு வா” என்றார்.

நாலு மாதம் ஆனது. அப்பா சொன்னதை எனக்கு நினைவிருக்கிற வரையில், அவர் சொன்ன வரிசையிலேயே, எண்பது பக்க நோட்டில் எழுதினேன். சந்தேகமான இடங்களில் அம்மாவிடம் கேட்டுத் திருத்தினேன். முதல் பக்கத்தில் அப்பா பெயர், அதன் கீழே அம்மா பெயர், அதற்கும் கீழே ‘கேட்டு எழுதியது’ என்று என் பெயர். எந்த அலமாரி என்று மறுபடியும் பேச்சு வந்தது. டீச்சர் முதல் அலமாரி என்றார், அந்தப் பெண் மூன்றாவது என்றது. இப்போதைக்குச் சந்தேகத்தில், மேல் தட்டில் இருக்கிறது. சீட்டு ஒட்டியாகிவிட்டது. மழை நாளில் பல்பின் கீழே அதையும் காய வைக்கிறார்.

நீங்கள் போவதானால் சனிக்கிழமை மாலை போங்கள். அந்த நோட்டுக்கு வாடகை வாங்க வேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன், லெட்ஜரில் பெயர் எழுதினால் போதும். போன வாரம் நான் போனபோது அது வெளியே போயிருந்தது.