ஆக்டோநாட்ஸ்: பழைய படக்கதையா, தொடர் வழிப் புத்தகமா?

நான்கு வயது மகள், கடலுக்கடியில் சாகசம் செய்யும் விலங்குக் கூட்டத்தின் கதையான ஆக்டோநாட்ஸ் புத்தகம் வேண்டும் என்று கேட்டபோது, எல்லாம் ஒரே வரிசைதான் என்று நினைத்துக் கையில் கிடைத்ததை வாங்கிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டு வகை இருக்கிறதென்று. துருவக் கரடி கேப்டன் பார்னக்கிள்ஸ், கடற்கொள்ளைக்காரப் பூனை க்வாசி, வைத்தியம் பார்க்கும் பெங்குயின் பெசோ எல்லாரும் முதலில் பிறந்தது படக்கதையில். விக்கி வோங், மைக்கேல் மர்ஃபி என்ற இருவர் மியோமி என்ற பெயரில் எழுதி வரைந்தவை அவை. முதல் புத்தகம் 2006இல் வந்தது. 2010இல் அது பிபிசியின் குழந்தைகள் சேனலில் தொடராகி, அந்தத் தொடரின் கதைகளை வைத்து இன்னொரு புத்தக வரிசை கிளம்பியது. எங்கள் வீட்டில் முதல் வகையில் மூன்று, இரண்டாம் வகையில் ஆறு.

கிடைப்பது எளிது என்று பார்த்தால் தொடர் வழிப் புத்தகம்தான். பழைய புத்தகக் கட்டுகளில்கூட அகப்படுகிறது. படங்கள் இரண்டிலுமே அழகு. அதையெல்லாம் விடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்ல வேண்டியவருக்கு எது தோது என்பதுதான் என் கவலை.

அதில் மியோமியின் படக்கதை எங்கோ முன்னால் போய்விடுகிறது. எழுத்து கொஞ்சம், படம் நிறைய. ஒரு பக்கத்தின் வரிகளை ஒரு பார்வையில் விழுங்கிவிட்டு, மிச்சத்தை நம் வாய்ப்படி சொல்லலாம். எங்கள் வீட்டில் க்வாசி காசிமேட்டுத் தமிழ் பேசுகிறான். கேப்டனுக்குத் தலைமையாசிரியர் குரல். பாதி விலங்கும் பாதி காய்கறியுமான டூனிப்புக்கு ‘காய்க்குட்டி’ என்று பெயர் வைத்தாயிற்று. நிழல்கள் எல்லாம் காணாமல் போகும் கதையை ஒருநாள் கரண்ட் போனபோது டார்ச் அடித்து, சுவரில் விரல் நிழல் காட்டியபடியே சொன்னேன். விடுமுறைக்குப் போன இடத்தில் பவளத்திட்டு வெளுத்து வெறிச்சோடிக் கிடக்கும் கதை இன்னொன்று. “ஏம்ப்பா வெள்ளையாயிருச்சு?” என்று கேட்டாள். நிஜப் பவளத்துக்கு என்ன ஆகிறது என்று சொன்னேன்: உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் சோறும் தருகிறது, தண்ணீர் சூடேறினால் அந்த உறவு முறிந்து பாசி வெளியே போய்விடும். மறுநாள் பாட்டியிடம், “சமைக்கிறவங்க கோவிச்சிட்டுப் போயிட்டாங்க” என்று விளக்கிக்கொண்டிருந்தாள். இருபதாவது தடவை படிக்கும்போதும் படத்தின் மூலையில் எதையாவது புதிதாகக் கண்டுபிடித்துவிடுகிறாள். எனக்கும் அலுக்கவில்லை.

தொடர் வழிப் புத்தகத்தில் இந்தச் சுதந்திரம் இல்லை. பேச்சு அதிகம், ஊர்திகளின் பெயர்கள் அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கதை அவளுக்கு ஏற்கெனவே திரையில் மனப்பாடம். நான் ஒரு வரியைத் தமிழில் மாற்றினால், “அப்பா, நீ தப்பாச் சொல்ற” என்று நிறுத்திவிடுகிறாள். அங்கே நான் கதைசொல்லி இல்லை, சரியாக ஒப்பிக்கத் தெரியாத மாணவன். எதிர்ப்பக்கமும் ஒரு தகராறு உண்டு. டாஷி என்று அவளுக்குத் தெரிந்த நாய்க்கு பழைய புத்தகத்தில் சாசி என்று பெயர். அதை ஏற்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று.

ஆனால் நிஜ உயிரினங்களைத் தெரிந்துகொள்ள தொடர் வழிப் புத்தகம்தான், சந்தேகமே இல்லை. மியோமியின் கதைகளில் வரும் பூதமும் முகம் சுளித்த மீனும் கற்பனை. தொடரிலோ திமிங்கலச் சுறா வருகிறது, ஓட்டில் பாசியையும் பஞ்சுயிரியையும் ஒட்டிக்கொண்டு ஒளியும் அலங்கார நண்டு வருகிறது. எதிரி வந்தால் மைக்குப் பதில் ஒளிரும் சளியைப் பீய்ச்சும் ஆழ்கடல் கணவாயைப் பற்றி நானே தொடரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தானாக ஆங்கிலம் படிக்கும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு என் தராசு தலைகீழாகலாம். எனக்கு வாய்த்தது ஒரே பிள்ளை, அதுவும் நான்கு வயது. அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அண்ணன் மகனுக்கு எட்டு வயது. தொடர் வழிப் புத்தகங்களை அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து பையில் எடுத்து வைத்தேன். ஐந்துதான் போயிற்று. நண்டுப் புத்தகத்தை அவள் வெளியே எடுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் முதுகு முழுக்க ஸ்டிக்கரும் இரண்டு கறிவேப்பிலைக் கொத்துமாகத் திரிந்தவளிடம் நான் என்ன வாதாட?